பீரங்கியில் போகவிருந்தவன்

லண்டன் பஸ்ஸுக்கு நடத்துநர் எடுக்க வந்தவர்கள் தீவின் தலைநகரான பிரிட்ஜ்டவுனில் ஓஸ்வின் கிட்டன்ஸைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி உயரம் பார்த்தார்கள். ஒன்றரை அங்குலம் குறைந்தது. குதிகாலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான். அளந்தவர் சிரிக்காமல் அவன் தோளில் கையை வைத்து அமுக்கினார். அவ்வளவுதான். அவனுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் அதே சுவரில் நின்று தேறிப் போனவர்கள். ஒருவன் லண்டனிலும் மற்றவன் அங்கிருந்து தள்ளி ரெடிங் ஊரிலும் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஓஸ்வின் எந்த வேலையிலும் ஒட்டவில்லை. கரும்பு வெட்டப் போனான், பாதி அறுவடையில் திரும்பி வந்தான். கோலா மீன் பிடிக்கிற படகில் ஒரு மாதம் இருந்தான். தேவாலயக் கூரைக்கு வர்ணம் அடிக்க ஏறியவன் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். மறுபக்கத்தை வேறு ஆள் வைத்து முடித்தார்கள். வீட்டில் சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். அம்மா டொர்காஸ் மீன் விற்பவள், சந்தையின் ஒரு முனையில் பேசினால் மறுமுனையில் கேட்கும். "உக்காந்து தின்னுடா. கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்பாள். ஆனால் அவன் உயரத்தில் தோற்று வந்த அன்று அவள் மார்பிலிருந்து பெருமூச்சொன்று இறங்கியதை அவன் பார்த்திருந்தான். அதைப் பற்றி அவன் கேட்கவில்லை.

அப்போதுதான் பீரங்கி வந்தது. பழைய போர்க்கப்பல் பீரங்கிகள் இரண்டைச் சேர்த்துப் பற்றவைத்து, நூற்றிருபது அடி நீளத்துக்கு ஒரே குழாயாக்கி, அவன் ஊர்ப்பக்கம் செயின்ட் ஃபிலிப்பின் பாறைக் கரையில் கடலைப் பார்த்து வைத்தார்கள். குண்டு போட அல்ல. ஆள் உயர அம்பு ஒன்றை மரச்சட்டத்தில் பொதிந்து வானத்தின் மேல்விளிம்புக்கு அனுப்பி, அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள. கனடாவிலிருந்து வந்த விஞ்ஞானிகள் அதை நடத்தினார்கள். சுடுகிற அன்றெல்லாம் சுற்றுவட்டாரத்தில் அலமாரிப் பாத்திரங்கள் கிலுகிலுத்தன. சுவரில் விரிசல் விட்ட வீட்டுக்காரர்கள் முறையிட்டார்கள். மற்றவர்கள் அன்றைக்குக் கோழி முட்டையிடவில்லை என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பீரங்கியின் மேஸ்திரி கடோகன், யூலா நடத்தும் ரம் கடைக்குள் ஒரு தகர வளையத்தோடு வந்தார். டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இதுக்குள்ள யாரு தோள் நுழையுதோ அவனுக்கு வேல இருக்கு," என்றார்.

நாலைந்து பேர் முயன்று சிக்கிக்கொண்டார்கள். ஒருவன் தோளில் சோப்புத் தண்ணீர் தடவித்தான் வளையத்தை உருவ வேண்டியிருந்தது. ஓஸ்வின் ஒரு கையை மேலே தூக்கி, ஒரு கையைத் தொடையோடு ஒட்டவைத்து, பாம்பு சட்டையிலிருந்து வருவதுபோல வளையத்தைவிட்டு வெளியே வந்தான். வளையம் பதினாறு அங்குலம், பீரங்கிக் குழாயின் உள்ளளவு. அந்தத் தீவில் குள்ளமாக இருந்ததற்கு அவனுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

வேலை இதுதான்: ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழாய் ஆறியதும் உள்ளே ஊர்ந்துபோய்க் கரியைத் துடைத்து, சுவரில் கீறல் உண்டா என்று விளக்குப் பிடித்துப் பார்த்து, மறுமுனை வழியாக வெளியே வர வேண்டும். கணுக்காலில் ஒரு கயிறு. மயங்கிவிட்டால் இழுத்துக்கொள்ள. உள்ளே முழங்கையும் கால்விரலும் மட்டும்தான் உதவும். முதல் நாள் வெளியே வந்தபோது கண்ணும் பல்லும்தான் வெள்ளையாக இருந்தன. கடோகன் கேட்டார், "பயமா இருந்துச்சா?"

"இல்ல. நகர்ந்துக்கிட்டே இருக்கலாம்," என்றான் ஓஸ்வின்.

உண்மைதான். அவன் ஒரு வேலையை விட்டு ஓடாமல் இருந்தது அந்தக் குழாய்க்குள்தான்.

வதந்தி எப்படிப் பிறந்தது என்று பின்னால் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். நடந்தது சின்ன விஷயம். யூலாவின் கடையில் ஒருவன் வழக்கம்போலக் கிண்டல் செய்தான்.

"அண்ணனுங்க ரெண்டு பேரும் போயாச்சு. நீ எப்ப லண்டன் போற, ஓஸ்வின்? பஸ்ஸுக்கு ஏணி வெச்சுத் தருவாங்களா?"

ஓஸ்வின் ரம்மை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நான் போவேன். ஆனா லண்டனுக்கு இல்ல," என்று சொல்லி விரலைக் கூரைப் பக்கம் காட்டினான். பிறகு எழுந்து நடந்துவிட்டான்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. அந்த வருஷம் பத்திரிகை முழுக்க விண்வெளி வீரர்களின் படம். பீரங்கி வானத்துக்குச் சுடுகிறது, ஓஸ்வின் பீரங்கிக்குள் போகிறான், அளவு சரியாக இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரத்தில் பாஸ்டர் ஹோல்டர் ஞாயிறு ஜெபத்தில் "நம் நடுவிலிருந்து உயரே எடுத்துக்கொள்ளப்படவிருக்கும் சகோதரனுக்காக" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். வழியில் பார்த்தவர்கள் தொப்பியைத் தொட்டார்கள். யூலா அவன் கிளாஸை அவளே துடைத்துத் தந்தாள். மறுக்க வேண்டும் என்று அவன் தினமும் நினைத்தான். ஒவ்வொரு நாளும் மறுப்பது நேற்றைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

அதைவிட மோசம், அவனுக்கே ஒரு சபலம் தட்டிவிட்டது. ஒருநாள் பெரிய விஞ்ஞானி லக்காஸ் தனியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றான்.

"டாக்டர், இதுல ஒரு ஆள அனுப்ப முடியுமா?"

லக்காஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "உன் எடை என்ன?"

"நூத்தி எட்டு பவுண்டு."

ஒரு காகிதத்தில் ஏதோ பெருக்கினார். "இந்தக் குழாய்க்குள்ள கண்ண மூடித் திறக்கற நேரத்துக்கு உன் எடை கிட்டத்தட்ட ஐந்நூறு டன். ஒரு கரும்பு ஆலைய அப்படியே தூக்கி உன் மேல வெச்ச மாதிரி. நீ வானத்துக்குப் போவ. ஆனா ஆளா போக மாட்ட. கூழா போவ."

"மெதுவாச் சுட்டா?"

"மெதுவாச் சுட்டா கடல்ல விழுவ," என்றார் லக்காஸ். காகிதத்தைக் கசக்கிப் போடப்போனவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அந்தக் காகிதத்தை அவன் யாரிடமும் காட்டவில்லை. மெல்வினா ஸ்கீட்டுக்குக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் பீரங்கிக்கான வெடிமருந்துப் பைகளைத் தைப்பவள். கொண்டை ஊசிகூடக் கொண்டுபோகக் கூடாத ஒரு கொட்டகையில் உட்கார்ந்து தடித்த துணியில் தலையணை அளவுக்கு மூட்டைகள் தைப்பாள். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். ஓஸ்வினுக்கும் அவளுக்கும் ஊருக்குத் தெரிந்த பழக்கம்.

"ஒரு தடவ சுட எத்தன மூட்ட போகுதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஒருநாள், ஈரப்பலாவைத் தீயில் திருப்பிக்கொண்டே. "அத ஒருத்தன் முதுகுக்குப் பின்னால வெச்சுக் கொளுத்துவாங்களா? என்னைய மக்குன்னா நினைச்ச?"

"நான் ஒண்ணும் சொல்லலயே. அவங்களாத்தான் பேசறாங்க."

"நீ இல்லன்னும் சொல்லல. உங்கம்மாவப் பாத்தியா? கோலா மீனுக்குப் பேரம்கூடப் பேசறதில்ல இப்ப. கேட்டதக் குடுத்துட்டு உக்காந்திருக்காங்க."

அவன் பார்த்திருந்தான். முதல் மாதம் டொர்காஸ் சந்தையில் நிமிர்ந்து நடந்தாள். அடுத்த மாதம் பேச்சு குறைந்தது. அதற்கடுத்து அவள் ஒன்றுமே கேட்பதில்லை. அவன் தட்டில் வெண்டைக்காய் போட்ட சோளமாவுக் களியைக் குன்றாகக் குவித்து வைத்துவிட்டு, அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நின்று சாப்பிட்டாலும் அதட்டுவதில்லை. அந்த அதட்டல் இல்லாததுதான் அவனை வீட்டில் இருக்கவிடாமல் விரட்டியது. விடிந்தால் வெளியே. கடற்கரைப் பாறைகளில் போவதும் வருவதுமாக நடப்பான். இரண்டு வருஷமாக எழுதாத ரெடிங் அண்ணன் நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டிருந்தான்: தம்பி, கையெழுத்து எதுவும் போட்டுவிடாதே.

பிப்ரவரியில் ஒரு பெரிய சுடுதல் வைத்தார்கள். அரசாங்கத்துப் பெரியவர்கள் வருவதால் பிற்பகலில் வைத்து, ஊர்க்காரர்களும் வேலிக்கு வெளியே மேட்டில் நின்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். "அன்னிக்கு நீ நாள் முழுக்க வேணும், கிட்டன்ஸ்," என்று கடோகன் ரம் கடையில் வைத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அதை ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டார்கள்.

அன்று காலை அவன் தீர்மானத்தோடுதான் எழுந்தான். அம்மா ஏற்கெனவே வெள்ளைத் தேவாலய உடுப்பில் இருந்தாள். அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாத," என்றாள், இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல். "நீ சொன்னா நான் விழுந்துடுவேன். போறவன் போ. சட்டய மட்டும் போட்டுட்டுப் போ."

"அது இல்லம்மா..."

"போடான்னேன்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். வழி நெடுக ஆட்கள். வடக்கேயிருந்துகூட லாரியில் வந்திருந்தார்கள். யாரோ ஒரு கிழவி அவன் கையைப் பிடித்து, மேலே தன் புருஷனைப் பார்த்தால் மன்னித்துவிட்டதாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள். சரி என்றான்.

காலையில் சோதனைக்காக ஒரு சின்னச் சுடுதல் நடந்தது. குழாயை மறுபடி படுக்கவைத்துப் பார்த்தபோது உள்ளே நடுவில் ஏதோ நிற்பது தெரிந்தது. மரச்சட்டத்தின் ஒரு துண்டு உடைந்து சிக்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் அடுத்ததை ஏற்ற முடியாது. ஆறக் காத்திருந்தார்கள். பிறகு கடோகன் தலையசைத்தார்.

ஓஸ்வின் தேய்த்த சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். கால்சட்டையோடு நின்றான். கணுக்காலில் கயிறு கட்டினார்கள். மேட்டிலிருந்து ஆயிரம் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பின்வாசல் வழியாகக் குழாய்க்குள் தலையைக் கொடுத்தபோது பாஸ்டர் ஹோல்டர் ஒரு துதிப்பாட்டை எடுத்துக்கொடுத்தார், மேடு முழுக்கச் சேர்ந்து பாடியது.

உள்ளே இரும்பு இன்னும் கதகதப்பாக இருந்தது. பாட்டு இரும்பு வழியாக முழங்கைக்கு வந்தது. ஐம்பது அடி போனதும் மரத்துண்டு கைக்கு அகப்பட்டது. ஆட்டினான், வரவில்லை. மறுமுனையில், கடலைப் பார்த்த வாய்ப்பக்கம், தட்டு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. திடீரென்று அதுவும் போய்விட்டது.

"ஓஸ்வின்."

டொர்காஸ் வேலியைத் தாண்டி, கரும்புக் கொல்லை வழியாக, காவலாளிகள் சுதாரிப்பதற்குள் ஓடிவந்துவிட்டாள். வாய்ப்பக்கம் துடைப்பதற்காகப் போட்டிருந்த மரப்படியில் ஏறித் தலையைப் பீரங்கிக்குள் விட்டிருந்தாள். அந்தக் குழாயில் அவள் குரல் பத்து டொர்காஸ் சேர்ந்து பேசுவதுபோல வந்தது.

"அம்மா, அங்கேருந்து போ. துணி கரியாயிடும்."

"நீ வெளிய வா."

"வேல முடிஞ்சதும் வரேன்."

"என்னடா வேல? சாகறது ஒரு வேலயா? எனக்கு வானமும் வேணாம் பேரும் வேணாம். வா. இல்ல நான் இப்படியேதான் நிப்பேன். சுடட்டும்."

பாட்டு நின்றுவிட்டிருந்தது. அவன் கன்னத்தை இரும்பில் வைத்தான்.

"அம்மா, என்னைய யாரும் சுடப்போறதில்ல. என்னிக்குமே சுடறதா இல்ல. நான் தொடைக்கற ஆள்."

"என்னத்தத் தொடைக்கற?"

"இதத்தான். சுட்டப்புறம் உள்ள வந்து கரியத் தொடைப்பேன். நான் ஒல்லியா இருக்கேன்னு எடுத்தாங்க. ஆள வெச்சுச் சுட்டா கூழாயிடுவான். டாக்டரே கணக்குப் போட்டுச் சொன்னாரு."

"எப்பச் சொன்னாரு?"

"ஆறு மாசம் ஆச்சு."

"ஆறு மாசம்," என்றாள் டொர்காஸ். அவள் மூச்சு வாங்குவது குழாய் முழுக்கக் கேட்டது. "ஆறு மாசமா நான் தூங்கலடா."

ஓஸ்வின் மரத்துண்டை இரண்டு கையாலும் பிடித்து உடம்பு முழுக்கச் சுழன்று இழுத்தான். அது பெயர்ந்து வந்தது, உள்ளங்கைத் தோலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு. அதை முன்னால் தள்ளிக்கொண்டு அவள் இருந்த பக்கமாகவே ஊர்ந்தான்.

வாயிலிருந்து அவன் தலை வெளியே வந்ததும் டொர்காஸ் இரண்டு கையாலும் அவனைப் பிடித்து இழுத்துப் படியில் நிறுத்தினாள். வெள்ளை உடுப்பு முழுக்கக் கரி. கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்று மேட்டில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவள் அரசாங்கத்துப் பெரியவர்கள் முன்னால் அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு மேட்டைப் பார்த்துத் திரும்பி, மீன் விற்கிற குரலில் சொன்னாள்:

"இவன் தொடைக்கறவன். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

யாரும் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பீரங்கி சுட்டது, அது வரைக்கும் யாரும் சுடாத உயரத்துக்கு அம்பு போனதாக லக்காஸ் பின்னால் சந்தோஷப்பட்டார். மேட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஓஸ்வினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் அவனைச் சும்மா விடவில்லை. "மேல மழ எப்படி?" என்பார்கள். வடக்கேயிருந்து லாரியில் வந்தவர்கள் ஏமாற்றிவிட்டான் என்று பல நாள் பொருமினார்கள். பாஸ்டர் ஹோல்டர் பொய்யைப் பற்றி மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். கடோகன் அவனை வேலையைவிட்டு நீக்கவில்லை. வளையத்துக்குள் வேறு யாரும் நுழையவில்லை. டொர்காஸ் ஒன்பது நாள் அவனோடு பேசவில்லை. பத்தாம் நாள் தட்டை வைத்துவிட்டு, "உக்காரு," என்றாள். அவன் உட்கார்ந்தான்.

"பஸ்காரன் உன்னத் திருப்பி அனுப்பின அன்னிக்கு, நீ கட்டையாப் பொறந்ததுக்கு நான் தேவனுக்கு நன்றி சொன்னேன். ஒருத்தனாச்சும் தங்கட்டும்னு. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஆறு மாசம் வாய மூடிட்டு இருந்த?"

அவன் களியைக் கிளறினான். டொர்காஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெல்வினாவுக்குக் கடுதாசி வந்துடுச்சாம். ஆஸ்பத்திரியில தள்ளுவண்டி தள்ற ஆளுக்கு உயரம் பாக்கறதில்லயாம். அந்தப் பொண்ணு சொல்லிச்சு. ரெடிங்குக்கு நான் எழுதிட்டேன், உன் டிக்கெட்டுக்கு. ஆறு மாசம் நான் உன்னச் சாகக் குடுத்துட்டுத்தான் உக்காந்திருந்தேன். இங்கிலாந்துக்குக் குடுக்கறதா கஷ்டம்?"

"நீ தனியா என்ன பண்ணுவ?"

"மீன் விப்பேன். வேற என்ன பண்ணுவேன்?"

அவன் போக வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகத் துடித்தவன். இப்போது வாயில் களியோடு உட்கார்ந்திருந்தான். மறுநாளும் போகிறேன் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மெல்வினா ஏப்ரல் கப்பலில் போனாள். அவள் போய் மூன்று வாரம் அவன் பாறைகளில் முன்னிலும் வேகமாக நடந்தான். மே மாதக் கப்பலில் அவனும் ஏறினான். டொர்காஸ் துறைமுகத்துக்கு வரவில்லை. அன்றைக்கு மீன் நிறைய வந்திருந்தது.

ரெடிங்கில் அண்ணன் பிடித்துத் தந்த அறை, ஒரு ஐரிஷ் விதவையின் வீட்டு மாடியில். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஊரில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டாள்.

"பீரங்கி தொடைச்சேன்."

"பட்டாளத்துலயா?"

"இல்ல. வானத்துக்குச் சுடற பீரங்கி."

அவள் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். குடித்திருக்கிறானா என்று பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

"வானத்த எதுக்குச் சுடணும்?"

"மேல என்ன இருக்குன்னு பாக்க."

"பாத்தாங்களா?"

லக்காஸ் சொன்னதை நினைவுபடுத்திக்கொண்டான். அம்பு மேலே போய் வெள்ளைப் புகையைக் கக்கும். அந்தப் புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று படம் பிடிப்பார்கள்.

"காத்து இருக்காம்," என்றான் ஓஸ்வின். "அவ்ளோ உயரத்துலயும் காத்து நிக்கறதே இல்லயாம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா அடிச்சுக்கிட்டே இருக்காம்."

"இங்கயும்தான்," என்றாள் அவள், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.